ஆட்டக்காரரை அல்ல, ஆசிரியரைத் தேடுங்கள்



பிள்ளைக்கு டென்னிஸ் கற்றுத்தரத் தனிப் பயிற்சியாளரைத் தேடும்போது நம்மில் பெரும்பாலோர் கேட்பவை மூன்றே கேள்விகள்: எந்தப் போட்டியில் வென்றவர்? மணிக்கு எவ்வளவு? வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? அவர் எப்படிக் கற்பிக்கிறார் என்ற கேள்வி மட்டும் எழுவதே இல்லை. கணக்கு ஆசிரியரைப் பற்றி நான்கு பேரிடம் விசாரிக்கும் நாம், இங்கே அலமாரியில் இருக்கும் கோப்பைகளைப் பார்த்தே பிள்ளையை ஒப்படைத்துவிடுகிறோம்.

நன்றாக ஆடுபவர் நன்றாகக் கற்பிப்பார் என்பது வெறும் நம்பிக்கை. வீனஸ், செரீனா சகோதரியரைப் பொதுக் களங்களில் பயிற்றுவித்த தந்தை ரிச்சர்ட் வில்லியம்ஸ் தொழில்முறை வீரர் அல்லர். ஆறு கிராண்ட்ஸ்லாம் இரட்டையர் பட்டங்களை வென்ற சானியா மிர்ஸாவைப் பயிற்றுவித்த தந்தை இம்ரான் மிர்ஸாவும் அல்லர். எல்லாத் தந்தையரும் அவ்வாறு ஆகிவிட முடியாது என்பது உண்மையே. ஆயினும் கோப்பை ஓர் அளவுகோல் அன்று என்பதற்கு இவர்களே போதிய சான்று.

அப்படியாயின் எதைப் பார்ப்பது? முதலில் பயிற்சியாளரின் கூடையைப் பாருங்கள். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2007ஆம் ஆண்டு முதல் தொடக்கநிலையினருக்கு வேகம் குறைந்த பந்துகளைப் பரிந்துரைத்து வருகிறது. வழக்கமான மஞ்சள் பந்தைவிடச் சிவப்பு 75 விழுக்காடும், ஆரஞ்சு 50 விழுக்காடும், பச்சை 25 விழுக்காடும் வேகம் குறைந்தவை. பத்து வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டிகளில் மஞ்சள் பந்து கூடாது என்று 2012இல் விதியே வந்துவிட்டது. சிவப்புப் பந்துக்கான களத்தின் நீளம் 11 மீட்டர். முழுக் களமோ 23.77 மீட்டர்.

"மஞ்சள் பந்தில் பழகினால்தான் விரைவில் முன்னேறுவான்" என்பார் சிலர். ஏழு வயதுப் பிள்ளையின் தலைக்கு மேல் துள்ளும் பந்தை அடிக்க, அது மட்டையைக் கோணலாகப் பிடிக்கிறது, அக்கோணலே பழக்கமாகிவிடுகிறது. இது முன்னேற்றம் அன்று. பின்னர் பணம் செலவழித்துத் திருத்த வேண்டிய பிழை.

அடுத்து, அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளை எவ்வளவு நேரம் ஆடுகிறது என்று கவனியுங்கள். செர்வ் போடுதல், பந்தை மாறி மாறி அடித்தல், புள்ளி எண்ணி ஆடுதல் ஆகியவை முதல் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். கூடையிலிருந்து பந்தை எறிந்துகொண்டே கைப்பேசியில் பேசுபவருக்குத் தனிக் கட்டணம் எதற்கு?

மூன்றாவது, நீங்கள் ஓரத்தில் அமர்வதை விரும்பாத பயிற்சியாளரை அன்றே விட்டு விலகுங்கள். பிள்ளை நம்மிடம் உள்ள அமானிதம். பிறரின் பார்வைக்கு அப்பால் அதை யாரிடமும் தனியே விடுவதற்கில்லை. பெண் பயிற்சியாளர் கிடைக்கவில்லை என்று மகளின் மட்டையைப் பரணில் போடுவோருக்கும் இதுவே விடை. திறந்த களம், ஓரத்தில் தாயோ தந்தையோ, உடன் ஆட இரண்டு தோழியர். கட்டணத்தையும் மூன்று வீட்டார் பகிர்ந்துகொள்ளலாம்.

எனவே மாதக் கட்டணத்தை முன்கூட்டிச் செலுத்துமுன், வேறொரு பிள்ளைக்கு அவர் நடத்தும் வகுப்பை ஒரு மணி நேரம் அமர்ந்து பாருங்கள். அதற்கு இசையாதவரின் கோப்பைகள் எத்தனை இருந்தாலும், அவர் உங்கள் பிள்ளைக்கு உரிய ஆசிரியர் அல்லர்.