பக்கத்து சீட்டில் இருப்பவர் சும்மா இருப்பவர் இல்லை

"முன்னுக்குச் சொல்லு பிள்ளை! தாண்டின பிறகு சொல்லி என்ன பிரயோசனம்?"

பிளேஸ்டோவில் வளர்ந்த எனக்குப் பத்து வயதில் கிடைத்த முதல் வேலை இது: அப்பாவுக்கு வழி சொல்வது. சட்நாவ் எங்கள் வீட்டுக்கு வராத காலம். ஹாரோவில் கலியாண வீடு, டூட்டிங்கில் பிறந்தநாள் என்று சனிக்கிழமைகளில் புறப்படுவோம். அம்மாவும் தம்பியும் பின் சீட்டில். ஏ டு இசட் வரைபடப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு நான் முன் சீட்டில். பார்க்கிங் ரோட்டைத் தாண்டினால் எங்கள் குடும்பம் போய்ச் சேருவதும் சேராததும் என் வாயில்தான் இருந்தது.

அதே காலத்தில் ஈஸ்ட் ஹாமில் இருந்த மச்சான் வீட்டில் பிளேஸ்டேஷன் இருந்தது. கொலின் மக்ரே ராலி விளையாடுவோம். காருக்குள் ஒரு குரல் வளைவுகளைச் சொல்லிக்கொண்டே வரும். "இந்த ஆள் சும்மா அலட்டுறான்" என்று மச்சான் ஒருநாள் சத்தத்தை நிறுத்தினான். இரண்டாவது வளைவிலேயே மரத்தில் மோதினோம். அந்தக் குரல் நிக்கி கிறிஸ்ட் என்பவருடையது என்று பிறகுதான் தெரிந்தது. உண்மையான பந்தயங்களிலும் மக்ரேக்குப் பக்கத்தில் இருந்து வழி சொன்ன கோ-டிரைவர் அவர்.

அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் போட்டியில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது நம் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் கொண்டாடின. அது சுற்றுப்பாதைப் போட்டி. ஒரே வளைவு திரும்பத் திரும்ப வரும், ஓட்டுநருக்கு அது மனப்பாடமாகிவிடும். ராலி வேறு. காட்டுப் பாதை, மலைப் பாதை, சரளைக் கல். கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டி போடும். மேட்டுக்கு அப்பால் பாதை எந்தப் பக்கம் போகிறது என்று ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் கோ-டிரைவர்.

போட்டிக்கு முன் இருவரும் அந்தப் பாதையை மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள். ஓட்டுநர் சொல்லச் சொல்ல மற்றவர் சுருக்கெழுத்தில் எழுதுவார். இரண்டாவது தடவை போய்ச் சரிபார்ப்பார்கள். இதுதான் பேஸ் நோட்ஸ். "இடது 4, 3ஆக இறுகும், உள்ளே வெட்டாதே, 100" என்று ஒரு வரி இருக்கும். பிரிட்டனில் பலர் பின்பற்றும் முறையில் 6 என்றால் வேகமாகப் போகக்கூடிய வளைவு. எண் குறையக் குறைய வளைவு இறுகும். கடைசியில் உள்ள 100, அடுத்த வளைவுக்கு எத்தனை மீட்டர் என்பது.

இதை வாசிப்பவரின் சீட் பதிவாகவும் பின்தள்ளியும் இருக்கும். கண் தாளில். கார் எங்கே நிற்கிறது என்பதை உடம்பு குலுங்குவதை வைத்தே கணக்குப் பிடிக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால் ஓட்டுநர் மறந்துவிடுவார். பிந்திச் சொன்னால் கார் பள்ளத்தில். போதாதற்கு நேரக் கணக்கும் அவர் பொறுப்பு. உலக ராலிப் போட்டிகளில் சோதனைச் சாவடிக்கு ஒரு நிமிடம் பிந்தினால் 10 செக்கன் அபராதம். ஒரு நிமிடம் முந்தினாலோ முழு நிமிடமே அபராதம்! சக்கரம் பஞ்சரானால் கழற்றிப் பூட்டவும் இறங்க வேண்டும்.

1955இல் இத்தாலியில் நடந்த மில்லே மிலியா போட்டி ஒரு நல்ல உதாரணம். ஸ்டேர்லிங் மொஸ் ஓட்டினார். பக்கத்தில் டெனிஸ் ஜென்கின்சன் என்ற தாடிக்காரப் பத்திரிகையாளர். பாதை முழுவதையும் சுமார் 18 அடி நீளத் தாளில் எழுதி, ஒரு பெட்டிக்குள் சுருட்டி, உருட்டி உருட்டி வாசித்தார். இஞ்சின் இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் எல்லாம் கைச்சைகைதான். ஆயிரம் மைல் தூரத்தை 10 மணி 7 நிமிடம் 48 செக்கனில் முடித்து வென்றார்கள். கண்ணுக்குத் தெரியாத மேடுகளில் மொஸ் வேகத்தைக் குறைக்கவில்லை. அவருக்குத் துணிச்சல் இருந்தது உண்மை. அந்தத் துணிச்சலுக்குக் காரணம் பக்கத்து சீட்டில் இருந்த கை.

ஆனால் நாம் யாருடைய பெயரை நினைவில் வைக்கிறோம்? இந்தியாவின் அர்ஜுனா விருது மோட்டார் விளையாட்டில் முதன்முதலாக 2019இல் கௌரவ் கில்லுக்குக் கிடைத்தது. ஆசிய பசிபிக் பட்டத்தை 3 தடவை வென்றவர், தகுதியானவர்தான். இந்தியப் போட்டிகளில் பல தடவை அவருக்குப் பக்கத்தில் இருந்து குறிப்பு வாசித்தவர் காசர்கோட்டைச் சேர்ந்த மூசா ஷரீஃப். அந்த வருடப் பட்டியலில் பக்கத்து சீட்டுக்கு இடம் இருக்கவில்லை. விருதின் பெயரோ அர்ஜுனன்! அர்ஜுனனுக்கு வழி சொன்னவர் பெயரில் திருவல்லிக்கேணியில் கோயிலே இருக்கிறது.

உலக ராலிப் போட்டியில் இந்த அநியாயம் குறைவு. கோ-டிரைவருக்கும் தனி உலகப் பட்டம் உண்டு. கார்க் கண்ணாடியில் இரண்டு பெயர். 2001இல் ரிச்சர்ட் பேர்ன்ஸ் சாம்பியனானபோது அவருடைய கோ-டிரைவர் ராபர்ட் ரீட். அவரே பின்னர் 2021இல் சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.ஐ.ஏ.யின் துணைத் தலைவர்களில் ஒருவரானார். "ஓட்டத் தெரியாதவன் பக்கத்தில் இருக்கிறான்" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஆபத்திலும் இருவருக்கும் பங்கு உண்டு. 2005 செப்டம்பரில் வேல்ஸ் ராலியில் மார்க்கோ மார்ட்டினின் கார் மரத்தில் மோதியது. அடி விழுந்தது கோ-டிரைவர் மைக்கேல் பார்க்கின் பக்கத்தில். அவர் இறந்துபோனார். அன்று உலகப் பட்டத்தை உறுதிசெய்யும் நிலையில் இருந்த செபாஸ்டியன் லோப், அப்படியொரு நாளில் சாம்பியனாக விரும்பாமல், வேண்டுமென்றே நேர அபராதம் வாங்கிப் பின்னுக்குப் போனார். மார்ட்டின் அதோடு உலகப் போட்டியை விட்டே விலகினார்.

இதையெல்லாம் வாசிக்கும்போது எனக்கு என் பன்னிரண்டு வயது ஞாபகம் வரும். அம்மாவோடு டொக்டரிடம் போயிருந்தேன். மொழிபெயர்ப்பாளர் நான்தான். வலி நின்றாலும் மாத்திரையை முடியும்வரை போட வேண்டும் என்று டொக்டர் சொன்னார். அவர் வேகமாகப் பேசினார், எனக்குப் பாதிதான் பிடிபட்டது. திரும்பக் கேட்க வெட்கம். "வலி நிக்கும்வரை போடட்டாம்" என்று அம்மாவிடம் சொன்னேன். நான்காம் நாள் அம்மா நிறுத்திவிட்டார். இரண்டு கிழமையில் காய்ச்சலோடு திரும்பவும் படுக்கை.

"3ஆக இறுகும்" என்ற சொல்லை நான் விட்டுவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

அம்மாவிடம் இதைப் போன வருடம்தான் சொன்னேன். "அந்த வயசில உன்னை அந்தக் கதிரையில இருத்தினது ஆர்? நாங்கள்தானே" என்றார்.

அதனால் என் கருத்து இது. கடிதம் வாசிப்பது, வங்கிக்கு போன் எடுப்பது, டொக்டரிடம் பேசுவது என்று பெற்றோருக்குப் பக்கத்து சீட்டில் இருப்பவர்களே, நீங்கள் செய்வது சின்ன உதவி இல்லை, பெரிய வேலை. அதை வேலையாகவே மதியுங்கள். நல்ல கோ-டிரைவர் தாளில் இடம் தவறினால் உடனே வாய்விட்டுச் சொல்லிவிடுவார். ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். ஊகித்து வாசிப்பவரோடு யாரும் காரில் ஏறமாட்டார்கள். ஆகவே "எனக்கு விளங்கேல்ல, திரும்பச் சொல்லுங்கோ" என்று கேட்பது வெட்கம் இல்லை.

பெற்றோருக்கும் ஒன்று. கோ-டிரைவர் அந்தப் பாதையை முன்பே போய்ப் பார்த்தவர், விரும்பி அந்த சீட்டில் ஏறியவர். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அப்படி இல்லை. என்.எச்.எஸ்.ஸில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். நோய் விஷயத்தில் கட்டாயம் கேளுங்கள். பிள்ளையை வெறும் மகளாக, மகனாகப் பக்கத்தில் இருக்க விடுங்கள்.

இப்போது கார் ஓட்டுவது நான். பக்கத்தில் அப்பா. சட்நாவை அவர் நம்புவதில்லை. போன ஞாயிறும் ஒரு சந்தியைத் தாண்டிய பிறகு, "இதிலதான் திரும்பியிருக்கோணும்" என்றார்.

"முன்னுக்குச் சொல்லுங்கோ அப்பா" என்றேன். இருபது வருடமாக வைத்திருந்த வசனம்.