தோல் முட்டையும் தமிழில்லாத தீவனப் பொதியும்

இரத்தோட்டை நகரிலுள்ள தீவனக் கடையொன்றில் சென்ற மாதம் ஒரு சிறிய பொதியைக் கண்டேன். முகப்பில் ஒரு பச்சை இலையும் ஒரு முட்டையும் அச்சிடப்பட்டிருந்தன. தாவரத்திலிருந்து எடுத்த விற்றமின் டி, கோழியின் எலும்புக்கும் முட்டை ஓட்டுக்கும் நல்லது என்று கடைக்காரர் விளக்கினார். எனக்கு முன்னால் நின்ற தோட்டத்துப் பெண், "எவ்வளவு போடணும் அண்ணே?" என்று கேட்டார். "தீனியில ஒரு கரண்டி போட்டுவிடுங்க தங்கச்சி" என்றார் அவர். பொதியில் அளவு தெளிவாக எழுதப்பட்டிருந்தது, ஆங்கிலத்திலும் சிங்களத்திலும். தமிழில் ஒரு சொல்லும் இல்லை.

லயத்துக்குப் பின்னால் 12 கோழிகள் வைத்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு இரண்டு வாரமாகத் தோல் முட்டைதான் கிடைக்கிறது. இது அவருடைய பிரச்சினை மட்டுமல்ல. 1977இலும் 1983இலும் மாத்தளையில் வீடு எரிக்கப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களில் என் சித்தியின் குடும்பமும் ஒன்று. 2009க்குப் பின் வாழ்வாதார உதவியென்று அவருக்குக் கிடைத்தது பத்துக் கோழிகளும் ஒரு கூடும். வன்னியில் கணவனை இழந்த எத்தனையோ பெண்களுக்குக் கிடைத்ததும் அதுதான். 2022இல் தீவன விலை ஏறியபோது சித்தியின் கூடு விறகு அடுக்கும் இடமாகிவிட்டது.

அந்த விலையேற்றம் வானத்திலிருந்து விழவில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே நாளில் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடையைத் தளர்த்தினாலும் அந்தப் பெரும்போகத்தில் சோள விளைச்சல் சரிந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென்று அரசாங்கம் அறிவித்தபோது, சோளத்துக்கும் சோயாவுக்கும் விற்றமின் கலவைக்கும் டொலர் இல்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபாவும் சிவப்பு முட்டைக்கு 45 ரூபாவும் என்று உச்ச விலை விதித்தார்கள். செலவு அதற்கு மேலே நின்றதால் பண்ணையாளர்கள் கோழிகளை இறைச்சிக்கு விற்றார்கள். 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது.

அன்று தொடங்கிய ஒரு பழக்கம் இன்றும் தொடர்கிறது. ஏழை வீடுகள் முட்டைக்கோழித் தீவனத்தைக் குறைத்து, தவிட்டையும் குருணலையும் கலக்கின்றன. தோல் முட்டையின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கல்சியம் இருக்கிறது. ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணித்தியாலம் செல்லும், அதில் பெரும்பகுதி இரவு நேரம். முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு 4 கிராமளவு கல்சியம் தேவை. தவிட்டில் அது மிகக் குறைவு. தீனியில் கிடைக்காததைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கும். அதுவும் தீர்ந்தால் ஓடு மெலியும், கோழி கால் மடங்கி உட்காரும்.

தீனியிலுள்ள கல்சியத்தைக் குடல் உறிஞ்ச விற்றமின் டி வேண்டும். தோலிலும் தீனியிலும் கிடைக்கும் விற்றமினை ஈரல் ஒருமுறையும் சிறுநீரகம் மறுமுறையும் மாற்றிய பின்னரே அது வேலை செய்யும். கடைத் தீவனத்தில் சேர்க்கப்படும் டி3 பெரும்பாலும் செம்மறியாட்டு உரோமத்தின் கொழுப்பிலிருந்து தயாரிக்கப்படுவது. தாவரப் பொருளின் புதுமை வேறு. தென் அமெரிக்காவின் சொலானம் கிளவ்கோபில்லம் என்ற செடியின் இலையில், சிறுநீரகம் கடைசியாகச் செய்து முடிக்கும் அந்த வடிவமே இருக்கிறது. பகலில் மணக்கும் செஸ்ட்ரம் டையூர்னம் என்ற அலங்காரச் செடியிலும் உண்டு. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசிய போஷாக்கு நிறுவனத்தினர் 1990களில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். வயதான கோழிகளுக்கு, அளவறிந்து கொடுத்தால், இது உதவக்கூடிய பொருள்தான். ஏமாற்று என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அளவறியாவிட்டால் நிலைமை தலைகீழ். வழமையான விற்றமினில் எவ்வளவை மாற்றுவது என்று கோழியின் சிறுநீரகமே தீர்மானிக்கும். இந்தச் செடியின் சத்து அந்தக் காவலைத் தாண்டி உள்ளே போகிறது. ஆர்ஜென்டினாவில் சொலானம் செடியை மேயும் மாடுகளின் இரத்தக் குழாயிலும் நுரையீரலிலும் சுண்ணாம்பு படிந்து, அவை மெலிந்து சாகின்றன. புளோரிடாவில் செஸ்ட்ரம் தின்ற குதிரைகளுக்கும் அதே கதி நேர்ந்தது. கல்சியம் குறைந்த தீனியோடு இதைக் கொடுத்தால் எலும்பிலிருந்து இன்னும் அதிகமாகக் கல்சியம் இழுக்கப்படும். தவிடு தின்னும் கோழிக்கு "ஒரு கரண்டி" என்ற அறிவுரை அதனால்தான் ஆபத்தானது. வேலியோரச் செடியின் இலையைப் பறித்துப் போடுவது அதைவிட ஆபத்து.

அந்தப் பெண்ணுக்கு மூன்று விடயங்கள் சொன்னேன். முதலாவது வெயில். இறகில்லாத கால் தோலில் வெயில் பட்டால் கோழி தானே விற்றமின் டியை உண்டாக்கும். நாளொன்றுக்கு 11 முதல் 45 நிமிட வெயில் குஞ்சுகளின் கால் வளையும் நோயைத் தடுக்கப் போதும் என்பது பழைய பரிசோதனைகளின் முடிவு. நக்கிள்ஸ் மலையை மழைமூட்டம் மூடும் மாதங்களில் அது போதாது. அப்போது நல்ல முட்டைக்கோழித் தீவனத்தை முழுதாகக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, நொறுக்கிய சிப்பி ஓடு. பின்னேரத்தில் தனிச் சட்டியில் வைத்தால் கோழி தனக்கு வேண்டியதைத் தானே எடுக்கும். வறுத்து நொறுக்கிய முட்டை ஓடும் உதவும். மூன்றாவது, தேயிலைக்குப் போடும் டொலமைட்டைத் தீனியில் கலக்கக்கூடாது. மாத்தளையில் தோண்டி எடுக்கப்படும் அந்தக் கல்லில் மக்னீசியம் அதிகம். கோழிக்குக் கழிச்சல் வரும், ஓடும் மெலியும். இவ்வளவும் செய்து தோல் முட்டை நிற்காவிட்டால் அது நோயாக இருக்கலாம். மிருக வைத்தியரிடம்தான் போக வேண்டும்.

இவை ஒரு கடை வாசலில் தற்செயலாகச் சொல்லப்பட வேண்டிய விடயங்கள் அல்ல. 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குத் தீவனச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி. இருந்தும், அளவு தவறினால் நஞ்சாகும் ஒரு பொருள் தமிழர் வாழும் தோட்டத்தில் தமிழில்லாத பொதியில் விற்கப்படுகிறது. மருந்துப் பொதியாக இருந்தால் நாம் கேள்வி கேட்டிருப்போம். கோழித் தீனிதானே என்று விட்டுவிடுகிறோம்.

நாங்கள் கேட்க வேண்டியது அதிகமில்லை. தீவனச் சேர்க்கைப் பொதிகளில் அளவும் எச்சரிக்கையும் மூன்று மொழியிலும் இருக்க வேண்டும். தோட்டங்களுக்கும் வன்னிக்கும் தமிழில் பேசக்கூடிய கால்நடை உத்தியோகத்தர்கள் வர வேண்டும். வாழ்வாதாரம் என்று கோழி கொடுப்பவர்கள், கூட்டோடு தங்கள் கடமையை முடித்துக்கொள்ளாமல் முதல் ஆறு மாதத் தீவனத்தையும் சிப்பி ஓட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

அந்தப் பெண் பொதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு கிலோ சிப்பித் தூள் வாங்கிக்கொண்டு போனார். அவருக்குப் பின் அந்தக் கடைக்கு வருகிறவர்களுக்கு யார் சொல்வது?