‘சும்மா டேட்டா என்ட்ரி தாங்க’: ரெஸ்யூமேயில் இந்த வரி இனி வேண்டாம்!

தமிழ்நாட்டில் ஆலங்குடி என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு. குரு பகவான் தலம் என்று பக்தர்கள் தேடிப்போவது திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடி. தாலுகா தலைமையிடமாகவும் சட்டமன்றத் தொகுதியாகவும் இருப்பது புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி, பின்கோடு 622301. பஸ் ஏறுகிறவருக்கு இந்தக் குழப்பம் கண்டக்டரிடம் ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துவிடும். அரசு விண்ணப்பத்திலோ வங்கிக் கணக்கிலோ ஊர் மாறிப் பதிவானால் அவ்வளவு சீக்கிரம் தீராது. கடிதம் வேறு ஊருக்குப் போகும், சான்றிதழ் தள்ளிப்போகும், கடன் மனு நிற்கும்.

கம்ப்யூட்டர் இரண்டு ஊரையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு விதி வேண்டும். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சிக் கோப்பகம் ஒவ்வொரு ஊருக்கும் தனி எண் கொடுப்பது இதற்காகத்தான். விதி போடுவது, அதைக் கடைப்பிடிப்பது, மீறினால் கண்டுபிடிப்பது எல்லாம் சேர்ந்ததுதான் டேட்டா கவர்னன்ஸ். தமிழில், தரவு ஆளுகை.

ஆலங்குடி மாதிரி ஊர்களில் இ-சேவை மையத்திலும் கூட்டுறவு சங்கத்திலும் ஆஸ்பத்திரி கவுன்டரிலும் தினமும் இந்த வேலையைப் பார்க்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் ரெஸ்யூமேயில் அவர்கள் எழுதுவது ஒரே வரிதான்: ‘டேட்டா என்ட்ரி ஆபரேட்டர், 2 ஆண்டு அனுபவம்’. கேட்டால், “நான் சும்மா டைப்தாங்க அடிச்சேன்” என்பார்கள். அது அடக்கம் போலத் தெரியலாம். உண்மையில் செய்த வேலையைத் தாங்களே குறைத்துச் சொல்வது அது.

டைப் அடிப்பது எங்கே முடிகிறது?

பெயர் பிரச்சினையை எடுத்துக்கொள்ளலாம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் ‘மு. ஜெயலட்சுமி’ என்று இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் வரும். பான் கார்டில் ஆங்கில எழுத்து வேறாக இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தானா, எந்த ஆவணத்தை ஆதாரமாக எடுப்பது, எதைத் திருத்தச் சொல்லி அனுப்புவது என்று கவுன்டரில் இருப்பவர் பார்த்தாக வேண்டும். அங்கே டைப் அடிப்பது முடிந்து தரவுத் தரம் தொடங்குகிறது.

“பக்கத்து வீட்டு அண்ணன்தான், அவரோட ஆதார் நகல் ஒண்ணு எடுத்துக் கொடுங்க” என்று கேட்பவரிடம் முடியாது என்று சொல்வதும் தரவு ஆளுகைதான். யார் தகவலை யார் பார்க்கலாம் என்ற கேள்விக்கு அங்கே ஒருவர் பதில் சொல்கிறார். பெரிய கம்பெனியில் இதற்குப் பெயர் ஆக்சஸ் கன்ட்ரோல்.

பெரிய அளவில் பார்க்க கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் நல்ல உதாரணம். 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது சுமார் 1.06 கோடி பேர் பயனாளிகள். ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய், நன்செய் 5 ஏக்கர், ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்று வரம்புகள் இருந்தன. விண்ணப்பத்தைப் பல துறைகளின் தரவோடு ஒப்பிட்டுத்தான் முடிவு எடுத்தார்கள். முகாம்களில் விண்ணப்பம் பதிந்தவர்களில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களும் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் ரெஸ்யூமேயில் இந்த வேலைக்கு ஒரு வரி கொடுத்திருப்பார்கள்?

ஏன் இப்போ முக்கியம்?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட்டில் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு, அதாவது 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும் என்று விதிகள் சொல்கின்றன. தகவலைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

சம்மதம் வாங்க வேண்டும். தப்பான தகவலைத் திருத்தித் தர வேண்டும். தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும். தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் சொல்ல வேண்டும். இதையெல்லாம் வக்கீல்கள் மட்டும் உட்கார்ந்து செய்ய முடியாது. ஃபார்ம் எப்படி வருகிறது, பிழை எங்கே நுழைகிறது என்று கைப்பழக்கத்தில் தெரிந்தவர்கள் வேண்டும்.

எப்படி எழுதலாம்?

ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயம் இருந்தால் போதும். என்ன சிக்கல் இருந்தது, அதற்கு என்ன விதி அல்லது வழி வந்தது, பிறகு என்ன மாறியது.

முன்பு: ‘சான்றிதழ் விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தேன்.’

பிறகு: ‘விண்ணப்பங்களில் பெயர், ஊர், பிறந்த தேதியை அடையாள ஆவணங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். அடிக்கடி திரும்பி வந்த பிழைகளைப் பட்டியலிட்டு, பதிவுக்கு முன் பார்க்க ஒரு செக்லிஸ்ட் தயாரித்தேன். அதே பிழைக்காகத் திரும்பி வந்த விண்ணப்பங்கள் குறைந்தன.’

வேலை ஒன்றுதான். இரண்டாவதைப் படிப்பவருக்கு அந்த ஆள் என்ன யோசித்தார் என்று தெரிகிறது. எத்தனை குறைந்தது என்று எண்ணி வைத்திருந்தால் எண்ணைப் போடலாம். எண்ணவில்லை என்றால் ‘40% குறைத்தேன்’ என்று இட்டுக்கட்டக் கூடாது. தரவின் நம்பகத்தன்மையைக் காப்பாற்றும் வேலைக்குப் பொய்க் கணக்கோடு விண்ணப்பிப்பது அபத்தம்.

சென்னையிலோ பெங்களூரிலோ ஐடி வேலையில் இருப்பவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. கொலிப்ரா, இன்ஃபர்மேட்டிகா, மைக்ரோசாஃப்ட் பர்வியூ என்று டூல் பெயர்களை வரிசையாக அடுக்குவார்கள். டூல் பெயர் அனுபவம் ஆகாது. விற்பனைப் பிரிவுக்கு ‘கஸ்டமர்’ என்றால் விசாரித்தவர் எல்லாரும், கணக்குப் பிரிவுக்குப் பணம் கட்டியவர் மட்டும். இந்த இரண்டு பேரையும் ஒரே விளக்கத்துக்குச் சம்மதிக்க வைப்பதுதான் இந்தத் துறையின் கஷ்டமான பகுதி. அதைச் செய்தவர் அதையே முதல் வரியாக எழுதலாம்.

வேலை விளம்பரத்தில் வரும் சொற்களையும் கவனிக்க வேண்டும். டேட்டா குவாலிட்டி, மாஸ்டர் டேட்டா, கேஒய்சி, பிரைவசி போன்றவற்றில் உண்மையில் செய்ததற்கு உரிய சொல்லை ரெஸ்யூமேயிலும் அப்படியே பயன்படுத்தலாம். ரெஸ்யூமேயை முதலில் வடிகட்டுவது பல இடங்களில் சாஃப்ட்வேர்தான்.

எங்கே நிறுத்தணும்?

செய்ததைச் சரியாகச் சொல்வது வேறு, பதவியைப் புதுசாகக் கண்டுபிடிப்பது வேறு. இ-சேவை மையத்தில் இருந்தவர் ‘டேட்டா கவர்னன்ஸ் மேனேஜர்’ என்று எழுதினால் இன்டர்வியூவில் ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்வார்: “அந்த விதியை யார் போட்டது?” ‘துறை போட்டது, நான் கடைப்பிடித்தேன், இந்த இடத்தில் சிக்கல் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன்’ என்பது மதிப்பான பதில். அதை மறைக்கத் தேவையில்லை.

இன்னொன்று, இன்னும் முக்கியம். வேலைக்குச் சான்று காட்டுகிறேன் என்று உண்மையான விண்ணப்பத்தின் ஸ்கிரீன்ஷாட்டையோ பயனாளிகள் பட்டியலையோ இணைக்கவே கூடாது. கற்பனைப் பெயர்களோடு ஒரு எக்செல் தாள் தயாரித்து, அதில் பிழைகளைக் கண்டுபிடித்துக் காட்டலாம். அடுத்தவர் ஆதார் எண்ணைக் காட்டி வேலை கேட்பவரை எந்த நல்ல நிறுவனமும் எடுக்காது, எடுக்கவும் கூடாது.

‘வார்த்தையை மாத்தினா வேலை கிடைச்சிடுமா?’

கிடைத்துவிடாது. பல வேலைகளுக்கு டிகிரி கேட்பார்கள், எஸ்க்யூஎல் கேட்பார்கள், ஆங்கிலத்தில் விளக்கச் சொல்வார்கள். அவற்றைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நன்றாக எழுதிய ரெஸ்யூமே, டேட்டா குவாலிட்டி அல்லது கேஒய்சி பிரிவின் முதல் கட்டப் பட்டியலில் இடம் வாங்கித் தரலாம். ‘டேட்டா என்ட்ரி’ என்ற ஒற்றை வரி அந்த வாய்ப்பைக்கூடத் தராது.

தப்பு விண்ணப்பிப்பவர் பக்கம் மட்டும் இல்லை. இ-சேவை, கூட்டுறவு சங்கம் என்று பார்த்ததுமே ஒதுக்கும் ஹெச்ஆர் பிரிவுகளும் மாற வேண்டும். இனிஷியல் சிக்கலையும் ஒரே பெயரில் இருக்கும் ஊர்களையும் தினமும் பார்த்துப் பழகியவர்கள் அந்தக் கவுன்டர்களில்தான் இருக்கிறார்கள்.

ரெஸ்யூமேயைத் திருத்த உட்காருபவர் முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுக்கலாம். ‘இதை இப்படிப் பதிய முடியாதுங்க’ என்று தான் சொன்ன ஐந்து சந்தர்ப்பங்களை அதில் எழுதலாம். ஏன் அப்படிச் சொன்னோம் என்ற காரணத்தையும் பக்கத்தில் குறிக்கலாம். ரெஸ்யூமேக்கு வேண்டிய வரிகள் அந்தத் தாளிலேயே கிடைக்கும்.