மகளிர் கால்பந்தாட்டமும் நம் கடமையும்

உடலை உறுதிசெய்யும் ஆடல்கள் ஆடவர்க்கே உரியன என்னும் எண்ணம் நம் நாட்டில் நெடுநாளாக வேரூன்றியிருக்கின்றது. கல்வியில் மகளிர்க்குச் சமவுரிமை வேண்டுமென்று மேடைதோறும் முழங்குவோருங்கூட, மைதானத்தைப் பற்றிப் பேச்செழுந்தால் வாய்வாளாதிருப்பர். மாலைப்பொழுதிற் பாலக்கரைத் தெருக்களிற் சென்று நோக்குக. சந்துகளிற் சிறுவர் பந்துதைத்து ஆடுவர். அவர்தம் உடன்பிறந்த சிறுமியர் வாயிற்படியில் நின்று பார்த்திருப்பர். ஆடுதற்கு ஆசையின்மையாலோ? அன்று; ஆடுகவென்று அழைப்பார் இன்மையால். இக்குறையைப் பற்றிச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெண்கள் பந்தாடுதல் தமிழர் மரபிற்குப் புறம்பு என்பாரும் உளர். அன்னார் நம் நூல்களைப் பயின்றிலர் போலும்! சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில், மகளிர் பந்தாடிப் பாடும் கந்துகவரி உண்டு. பெருங்கதையிற் 'பந்தடி கண்டது' என்றே ஒரு பகுதி அமைந்துள்ளது. அதன்கண் மகளிர் ஒருவரையொருவர் விஞ்சிப் பந்தடிக்கின்றனர். அடித்த எண்ணிக்கையும் கணக்கிடப்பெறுகின்றது. திருக்குற்றாலக் குறவஞ்சியின் தலைவியாகிய வசந்தவல்லியும் பந்தாடுகின்றாள். இவையெல்லாம் கையாற் பந்தடித்தலேயன்றிக் காலால் உதைத்தல் அல்ல என்பது மெய். ஆயினும், பெண்கள் ஓடியாடிப் பந்தடித்தலை நம் புலவர் இழிவெனக் கருதவில்லை, அழகெனவே கண்டனர். மரபின் பெயரால் தடை கூறுவோர்க்கு மரபே விடையிறுத்துவிட்டது.

இனி, கால்பந்தாட்டம் பிறந்த மேனாடுகளில் இவ்வுரிமை மகளிர்க்கு எளிதிற் கிடைத்ததோவெனின், இல்லை. இங்கிலாந்தில் பிரஸ்டன் நகரத்து டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் 1920-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லிவர்பூலில் ஆடிய ஆட்டத்தைக் காண ஏறக்குறைய 53,000 மக்கள் திரண்டனர். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஆங்கிலக் கால்பந்துச் சங்கத்தார், தம்மைச் சார்ந்த கழகங்கள் எவையும் பெண்களுக்கு மைதானம் கொடுத்தலாகாது என்று விதித்தனர். அவ்விதி ஏறக்குறைய அரை நூற்றாண்டு நின்றது. ஜெர்மனியிலும் 1955-இல் இத்தகைய தடையே பிறந்தது, 1970-இலேயே நீங்கிற்று. 1989-இல் அந்நாட்டு மகளிர் ஐரோப்பிய வாகை சூடியபோது, அவர்க்குப் பரிசாகக் கிடைத்தது ஆளுக்கு ஒரு காப்பிக் கோப்பைத் தொகுதி! இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது ஒன்று உளது. பெண்களை நோக்கி 'நீவிர் ஆடற்க' என்று விலங்கிட எவராலும் இயலவில்லை. மைதானத்தை மறுத்தனர், அதுவே போதுமாயிற்று.

தடை நீங்கியபின் ஆட்டத்தை வளர்த்தவை கழகங்களே. கிழக்கு ஜெர்மனியில் 1971-இல் மின்தொழில் நிலையத்தாரின் விளையாட்டுக் கழகத்துள் ஒரு மகளிர் பிரிவாகத் தோன்றிய டர்பைன் போட்ஸ்டாம், தன்னைத் தோற்றுவித்த அரசே 1990-இல் மறைந்த பின்னரும் மறையாது நின்று, 2005-இலும் 2010-இலும் ஐரோப்பியக் கழகங்களுள் முதன்மை பெற்றது. பின்னர்ப் பெருஞ்செல்வமுடைய ஆடவர் கழகங்கள் மகளிர் அணிகளை அமைத்துப் போட்டியிட, அது தளர்ந்து 2023-இலும் 2025-இலும் இரண்டாம் பிரிவிற்கு இறங்கிற்று. கழகம் ஒன்று நிலைபெறுதற்குப் புகழ் மட்டும் போதாது. பொருளும் ஊராரின் துணையும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

நம் நாட்டின் நிலை யாது? 1975-இல் இந்திய மகளிர் கால்பந்துக்கெனத் தனிச்சங்கம் தோன்றிற்று. 1983-க்குள் நம் மகளிர் ஆசியப் போட்டியில் இருமுறை இரண்டாமிடம் பெற்றனர். அதன்பின் நெடுங்காலம் புறக்கணிப்பே அவர் பெற்ற பரிசு. எனினும் திறமை அவியவில்லை. 2018-இல் கட்டாக் நகரில் மணிப்பூரை 2–1 என்று வென்று, தமிழ்நாட்டு மகளிர் தேசியப் பட்டத்தை முதன்முறையாகக் கொணர்ந்தனர்; 2023-இல் அமிர்தசரஸில் மீண்டும் வென்றனர். மதுரையிற் சீனி முகைதீன் என்பார் 2016-இல் நிறுவிய சேது கால்பந்துக் கழகம், 2019-ஆம் ஆண்டு மே மாதம் லூதியானாவில் மணிப்பூர்க் காவல்துறை அணியை 3–1 என்று வென்று இந்திய மகளிர் லீக் பட்டத்தைப் பெற்றது. தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று அதனைப் பெற்றது அதுவே முதன்முறை. அவ்வணியின் அமைப்பும் நோக்கத்தக்கது. தமிழ்ப் பெண்களும் வடகிழக்குப் பெண்களும் அதன்கண் ஒருங்கு ஆடினர்; நேபாளத்துச் சபித்ரா பண்டாரியும் உடனிருந்தார். மொழி வேறு, சமயம் வேறு, உணவு வேறு, பந்து ஒன்றே.

இக்கழகத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூரைச் சார்ந்தவர். இந்திய அணியில் இடம்பெற்றவர். தமிழ்நாட்டுக் காவல்துறையில் உதவி ஆய்வாளர் பதவியும் பெற்றவர். 'பந்தாடினால் வயிறு நிரம்புமோ?' என்று வினவும் பெற்றோர்க்கு இவர் வாழ்வே விடை. இத்தகையோர் கடலூரில் தோன்றியது தற்செயலன்று. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் பெற்றோரை இழந்த சிறுமியர் பலர்க்கு ஆண்டுப் பயிற்சியாளர் மாரியப்பன் முதலியோர் பந்தும் இடமும் கொடுத்து, விடாது உழைத்தனர். கொடுத்த இடத்தில் திறமை முளைத்தது, அவ்வளவே.

திருச்சிராப்பள்ளிக்கு என்ன குறை? காஜாமலையில் அண்ணா விளையாட்டரங்கம் உண்டு. பொன்மலையில் ரயில்வேயாரின் மைதானம் உண்டு. பழைய கல்லூரிகள் பலவற்றிற்கு அகன்ற திடல்கள் உண்டு. பெண்களைத் தடுக்கும் சட்டம் ஒன்றும் ஈண்டு இல்லை. ஆயினும் மாலை நான்கு மணிமுதல் இருள் சூழும்வரை அத்திடல்களில் நிற்போர் பெரும்பாலும் ஆடவரே. ஆங்கிலச் சங்கத்தார் எழுத்தில் விதித்ததை நாம் வழக்கத்தால் நிறைவேற்றுகின்றோம். எழுதிய விதியை அழித்தல் எளிது. எழுதா விதியை அழிப்பது எங்ஙனம்?

அதற்கு மூன்று வழிகள் கூறுவேன். முதலாவது, கல்லூரித் திடலில் வாரத்தில் மூன்று மாலைகளேனும் மகளிர்க்கென ஒதுக்கப்பெறல் வேண்டும். எஞ்சிய பொழுதன்று, நல்ல பொழுதே ஒதுக்கப்பெறல் வேண்டும். இரண்டாவது, பெண் பயிற்சியாளர் ஒருவர் அமர்த்தப்பெறல் வேண்டும். மகளை அனுப்பத் தயங்கும் தாய்க்கு அதுவே முதல் ஆறுதல். மூன்றாவது, தூய வளனார், பிஷப் ஹீபர், ஹோலி கிராஸ், ஜமால் முகமது முதலிய நம் நகரக் கல்லூரிகளின் மாணவியர் ஆண்டுதோறும் ஒரு கோப்பைக்கு ஆடுதல் வேண்டும். அவ்வாட்டங்களைக் காணப் பாலக்கரை, வரகனேரி, உறையூர்ச் சிறுமியர் அழைக்கப்பெறின், சில ஆண்டுகளில் நமக்கும் ஒரு கழகம் உண்டாகும்.

'ஆடவர்க்கே இடம் போதவில்லையே' என்று என் தோழர் சிலர் கூறுவர். உண்மையே. ஆனால் போதாத பொருளைப் பகிர்ந்துகொள்ளுதலன்றோ நீதி? மிகுந்ததைக் கொடுத்தல் ஈகையாகாது என்பதை நம் ஆலயங்களில் கேட்டு வளர்ந்தவர் நாம். 2025-இல் இந்திய மகளிர் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2–1 என வென்று, தகுதிப்போட்டியின் வாயிலாக முதன்முறை ஆசியக் கோப்பைக்குத் தேர்ந்தனர். அவ்வெற்றிக்குக் கைதட்டிய நாம், நம் தெருச் சிறுமிக்கு ஒரு மணிநேரம் திடலை விட்டுக்கொடுக்க மறுத்தல் முறையோ?

தன்னிடம் ஒப்புவிக்கப்பட்ட தாலந்தை மண்ணிற் புதைத்துவைத்த ஊழியக்காரனின் கதையை அறியாதார் ஈண்டு இலர். அவன் திருடினானல்லன், அழித்தானல்லன், புதைத்தான், அவ்வளவே. எனினும் அவன் கணக்குக் கொடுக்க நேர்ந்தது. கல்லூரித் தலைவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பழைய மாணவர்களே! நம் பெண்களின் கால்களில் உள்ள தாலந்து இவ்வூர் மண்ணிற் புதைந்து கிடக்கின்றது. அதனை வெளிக்கொணர்தல் நம் கையில் உள்ளது. அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்குவோமாக.