ஆறாவது பெண் எங்கே?

ஏதென்ஸில் 2009-ல் திறக்கப்பட்ட அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் சிலைகளை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். கவனிக்க வேண்டியது அங்கே இல்லாதவற்றை!

எரெக்தியான் கோயில் மண்டபத்தில் தூண்களுக்குப் பதிலாக ஆறு பெண் சிலைகள் கூரையைத் தலையில் தாங்கின. இங்கே ஐந்துதான் இருக்கின்றன. ஆறாவது நிற்க வேண்டிய இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார்கள். அவள் லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில்!

மேல்தளத்தில் பார்த்தினன் கோயிலைச் சுற்றி ஓடிய 160 மீட்டர் சிற்ப ஊர்வலம். அசல் கற்கள் தேன் நிறம். லண்டனில் இருப்பவற்றுக்கு வைத்த பிளாஸ்டர் நகல்கள் வெள்ளை. எது போனது என்று சுவரே காட்டிக்கொடுக்கிறது.

எல்ஜின் பிரபு 1801 முதல் பெயர்த்தெடுத்தவற்றை 1816-ல் பிரிட்டிஷ் அரசு 35,000 பவுண்டுக்கு வாங்கியது. சரி, விற்றவருக்கே உரிமை இல்லாவிட்டால் வாங்கியவருக்கு எப்படி வரும்? வணிகச் சட்டத்தின் பாலபாடம் இது. அப்போது ஏதென்ஸை ஆண்ட ஒட்டோமான் அரசின் அனுமதிக் கடிதம் என்று காட்டப்படுவதோ இத்தாலிய மொழிபெயர்ப்பு மட்டுமே. மூலப்பிரதி கிடைக்கவில்லை.

லண்டனில் கட்டணமில்லாமல் உலகமே பார்க்கிறது என்பது நல்ல வாதம்தான். ஆனால் ஒரே ஊர்வலத்தில் பாதி அங்கே, பாதி இங்கே என்றால் எந்த ஊரிலும் யாரும் முழுதாகப் பார்க்கப்போவதில்லையே!

2023-ல் வத்திக்கான் தன்னிடமிருந்த மூன்று துண்டுகளைத் திருப்பிக் கொடுத்தது. மியூசியப் பொருளைக் கொடுக்க 1963-ம் ஆண்டுச் சட்டம் தடையாம் லண்டனுக்கு. சட்டம் போட்ட நாடாளுமன்றத்துக்கு அதைத் திருத்தத் தெரியாதா என்ன?