விளக்கு எரிகிறது, தண்ணீர் சுடவில்லை



இம்மாதம் நம் குளியலறைச் சுவரில் மாட்டியிருக்கும் கீசரைக் கொண்டு உங்களோடு பேச விரும்புகிறேன்.

கடந்த டிசம்பர் மாதம் பெங்களூருவின் குளிரில், "என்னங்க, தண்ணீர் முன்னைப்போல் சுடுவதில்லை" என்று என் துணைவியார் பலமுறை சொன்னார்கள். நானோ, "விளக்கு எரிகிறதே, இன்னும் சற்று நேரம் போட்டு வை" என்று நாட்களைக் கடத்தினேன். 2000 வாட் காயில் உள்ள 25 லிட்டர் கீசர், ஏறக்குறைய அரை மணி நேரத்தில், ஒரு யூனிட் மின்சாரத்தில் குளிப்பதற்கு வேண்டிய சூட்டைத் தந்துவிடும். எங்கள் வீட்டிலோ ஒரு மணி நேரமாயிற்று. ஒரு காலையில் சூடே இல்லை. விளக்கு மட்டும் வழக்கம்போல் எரிந்தது.

எங்கள் சபையில் எலக்ட்ரீஷியன் வேலை செய்யும் ஒரு சகோதரன் வந்து கழற்றினார். "பாஸ்டர், இதைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள்?" என்று கேட்டார். மாட்டி ஆறு ஆண்டுகளாயிற்று, ஒருமுறையும் செய்யவில்லை. காயிலைச் சுற்றி வெள்ளைச் சுண்ணாம்பு விரல் கனத்திற்குப் படிந்து, காயில் எரிந்துபோயிருந்தது. "அப்படியானால் விளக்கு ஏன் எரிந்தது?" என்றேன். "கரண்ட் வருகிறதா என்பதைத்தான் அந்த விளக்கு காட்டும் பாஸ்டர். தண்ணீர் சுடுகிறதா என்பதை அது காட்டாது" என்றார்.

அருகில் நின்ற என் துணைவியார் மெதுவாகச் சொன்னார்கள்: "நம் வீட்டு ஜெபமும் இப்படித்தான் ஆகிவிட்டது." அந்த வார்த்தை என் இருதயத்தைக் குத்தியது. இரவு ஒன்பது மணிக்குக் கூடுகிறோம், ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஐந்து நிமிட ஜெபம். ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் யாருடைய கண்ணும் கலங்கி எத்தனையோ நாட்களாயிற்று. சபையில் மற்றவர்களுக்காகக் கதறி ஜெபிக்கும் நான், என் பிள்ளைகளின் பாரம் என்னவென்று கேட்டே பல மாதங்களாகியிருந்தன.

இந்தப் படிவு எப்படி உண்டாகிறது? போர்வெல் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கின்றன. தண்ணீர் சூடாகும்போது அவை பிரிந்து, சுண்ணாம்பாகக் காயிலின்மேல் ஒட்டுகின்றன. படிவு தடிக்கத் தடிக்க, சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தங்கி, காயிலைக் கெடுக்கிறது. ஒரே நாளில் இது நேரிடுவதில்லை. தினமும் மெல்லிய ஒரு படலம், அவ்வளவுதான்.

லவோதிக்கேயா பட்டணத்தின் இடிபாடுகளை இன்றும் துருக்கி தேசத்தில், தெனிஸ்லி நகரத்தருகே காணலாம். தெற்கேயிருந்த ஊற்றுகளிலிருந்து அப்பட்டணத்திற்குத் தண்ணீர் கொண்டுவந்த குழாய்களின் உள்ளே, சுண்ணாம்பு தடித்து அடைத்திருக்கிறது. வடக்கே சுமார் 10 கிலோமீட்டரில் எராப்போலியின் வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. வெளிப்படுத்தின விசேஷம் 3-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் அந்தச் சபையை அனலுமின்றிக் குளிருமின்றி இருப்பதாகக் கடிந்துகொண்டபோது, அவ்வூரார் தங்கள் தண்ணீரையே நினைத்திருப்பார்கள் என்று வேத அறிஞர் பலர் கருதுகின்றனர். அச்சபையார் தங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று எண்ணியிருந்தார்கள். அவர்களுடைய விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது!

ஆகையால், அன்பானவர்களே, போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளில் வருடத்திற்கு ஒருமுறையாவது கீசரைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். தேர்ந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டே செய்யுங்கள். முதலில் சுவிட்சை மட்டுமல்ல, மெயின் போர்டில் எம்.சி.பி.யையும் அணைக்க வேண்டும். தண்ணீர் ஆறிய பின்பு வடித்துவிட்டு, காயிலைக் கழற்றி, வினிகரிலோ சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரிலோ ஊறவைத்தால் சுண்ணாம்பு இளகும். வாஷரைப் புதிதாக மாற்றுங்கள். தொட்டி நிறைந்து குழாயில் தண்ணீர் வந்த பின்பே சுவிட்சைப் போடுங்கள். சேஃப்டி வால்வு சொட்டுகிறதென்று அதை ஒருபோதும் அடைத்துவிடாதீர்கள். மிஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றித் தொட்டி வெடிக்காமல் காப்பது அதுவே. கேஸ் கீசர் வைத்திருப்போர் அதைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் வைக்கவே வேண்டாம். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. உயிரையே பறித்துவிடும்.

அச்சகோதரன் இன்னொன்றையும் காட்டினார். தொட்டிக்குள் மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கிறது. இரும்புத் தொட்டியை அரிக்க வேண்டிய அரிப்பைத் தானே ஏற்றுக்கொண்டு, தான் கரைந்து தொட்டியைக் காக்கிறது. எங்கள் தொட்டியில் அது ஏறக்குறைய முழுவதும் தீர்ந்திருந்தது. நமக்கு வரவேண்டிய ஆக்கினையைத் தம்மேல் ஏற்றுக்கொண்ட ஆண்டவரை நினைத்து அங்கேயே ஸ்தோத்திரித்தேன். ஆனால் அந்தக் கம்பி தீர்ந்துபோகும், புதிது மாட்ட வேண்டும். நம் ஆண்டவருடைய பலியோ ஒரே தரம் செலுத்தப்பட்டது, என்றைக்கும் போதுமானது.

அன்றிரவு நான் வேதத்தைத் திறக்குமுன் என் பிள்ளைகளிடத்தில் மன்னிப்புக் கேட்டேன். பின்பு ஒவ்வொருவரும் தங்கள் பாரத்தைச் சொன்னார்கள். என் மகளின் மனதில் அத்தனை நாட்களாய் இருந்த ஒரு பயத்தை அன்றுதான் அறிந்தேன். பாட்டுப் பாட நேரமில்லை. ஆனாலும் ஜெபத்தில் அனல் இருந்தது.

ஷிப்டு வேலையும் பிள்ளைகளின் டியூஷனுமாய் ஓடும் நகரவாசிகளே, இன்றிரவு உங்கள் வீட்டிலும் ஒருவரையொருவர் கேளுங்கள்: "நம் ஜெபத்தில் சூடு இருக்கிறதா?" மனைவியோ பிள்ளையோ இல்லையென்று சொன்னால், என்னைப்போல் விளக்கைக் காட்டிப் பதில் சொல்லாதிருங்கள்.

கர்த்தர்தாமே உங்கள் இல்லங்களில் அனலை மூட்டி ஆசீர்வதிப்பாராக. ஆமென்.