படகுப் பிள்ளைகளுக்கும் ஓர் உபயம்

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குத் தொண்டூழியர் வேணும்னு கேட்டா, நம்மில் எத்தனை பேர் ஓடி வருகிறோம்! பாண்டான் நீர்த்தேக்கத்தில் விடியற்காலையில் துடுப்புப் படகு பழகும் நம்ம பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் ஆளில்லை?

கட்டணம் கட்டியாச்சு, இறக்கி விட்டாச்சு என்று கிளம்பிவிடுகிறோம். எட்டுப் பேர் துடுப்புப் போடும் பந்தயப் படகு குறைந்தது 96 கிலோ. அதைத் தூக்கிப் போய் இறக்குவதும், திரும்பி வந்து கழுவித் துடைப்பதும் பிள்ளைகள்தான். துணியும் வாளியும் பிடிக்க, அவங்க பசியாற ஏதாவது கொடுக்க, ரெண்டு பெரியவங்க போதும். கோயில் உபயம் மாதிரி வாரம் ஒரு குடும்பம் எடுத்துக்கிட்டா யாருக்கும் பாரமில்லை.

கரையில் நின்று "வேகமா, வேகமா"னு கத்த வேண்டாம், அது பயிற்றுநர் வேலை.

தேர்வு நெருங்கினதும் முதலில் நிறுத்துவது படகைத்தான். டியூஷனை யாரும் தொடுவதில்லை! ஒரு பிள்ளை திடீர்னு நின்னா மற்ற ஏழு பேரின் பயிற்சியும் கெடும். நிறுத்தும் முன், நாள்களைக் குறைக்க முடியுமான்னு பயிற்றுநரிடம் கேளுங்கள்.

வர்ற சனிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு பேர் தேவை. கார் இருந்தா ரொம்ப நல்லது. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் அன்னதானக் கூடத்தில் இருப்போம், வந்து சொல்லுங்க.